இரண்டு குன்றிமணி மருந்து

தீபாவளிக்குக் கேப்புத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால், பிள்ளைகள் அரை மணி நேரத்தில் ஒரு டப்பாக் கேப்பைத் தீர்த்துவிட்டு, "இன்னும் வேண்டும்" என்று வந்து நிற்பார்கள். நிஜத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இலக்குப் பார்த்துச் சுடும் பெரியவர்களுக்கும் இதே தொல்லைதான். எத்தனை தோட்டா வாங்கினாலும் போதுவதில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டின் பின்னறையிலோ, கார்க் கொட்டகையிலோ விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தங்களுக்கு வேண்டிய தோட்டாவைத் தாங்களே தயார் செய்துகொள்கிறார்கள். பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், மோட்டார் மெக்கானிக், ஓய்வுபெற்ற குமாஸ்தா, எல்லாரும் இதில் உண்டு. பெட்டி பெட்டியாகத் தோட்டா கடையில் கிடைக்கும் நாட்டில் இது என்ன வேண்டாத வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். காசு மிச்சம் என்பது ஒரு பதில். ஆனால் அது பாதிப் பதில்தான். மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ள அவர்கள் சுடும் போட்டியைப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கி என்றதும் நமக்குச் சினிமா வில்லன்தான் நினைவுக்கு வருகிறான். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இவர்கள் சுடுவதெல்லாம் காகிதத்தை.

ஏரிக்கரையில் ஒரு போட்டி

ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில், கேம்ப் பெர்ரி என்ற ராணுவப் பயிற்சி முகாம் இருக்கிறது. 1907-ம் ஆண்டிலிருந்து தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் நடந்து பிரசித்தி பெற்ற இடம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மானியக் கைதிகளையும் இத்தாலியக் கைதிகளையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து கைதிகள் ஊர் திரும்பிய பிறகு சுடுகிறவர்கள் மறுபடியும் வந்துவிட்டார்கள். கோடைகாலத்தில் ஏரிக்காற்று இலக்கு அட்டைகளைப் படபடக்கச் செய்யும். நீட்டிய கையையும் ஆட்டிவைக்கும்.

கைத்துப்பாக்கிப் போட்டிகளில் பெரியதற்கு '2700' என்றே பெயர். சுட வேண்டியது 270 குண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 புள்ளி. அதனால் 2700. மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 90 குண்டு. முதல் பிரிவு .22 அங்குலச் சின்னத் துப்பாக்கிக்கு. இரண்டாவதில் .32 அங்குலமோ, அதற்கு மேலோ உள்ள துப்பாக்கி எதுவானாலும் சரி. மூன்றாவதில் .45 அங்குலம்தான். பெரும்பாலோர் இரண்டாவது பிரிவுக்கும் .45 துப்பாக்கியையே எடுத்துக்கொள்கிறார்கள். கைக்குப் பழகிய ஒன்று போதுமல்லவா?

ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மற்றக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்கள். நிதானச் சுற்றில் 50 கஜ தூரத்தில் இலக்கு. பத்து குண்டுக்குப் பத்து நிமிஷம். அடுத்தது 25 கஜ தூரம். ஐந்து குண்டுக்கு 20 விநாடி. கடைசி, வேகச் சுற்று. ஐந்து குண்டுக்குப் பத்தே விநாடி! பக்கவாட்டில் திரும்பி நிற்கும் இலக்கு அட்டைகள் சட்டென்று முகம் காட்டும். பத்து விநாடி ஆனதும் மறுபடி திரும்பிக்கொள்ளும். அதற்குள் ஐந்தும் போயிருக்க வேண்டும்.

பத்துப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவு மூன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு நடுத்தரச் சாத்துக்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே எலுமிச்சம்பழ அளவில் இன்னொரு வளையம். அதற்கு 'எக்ஸ்' என்று பெயர். அதில் பட்டாலும் பத்துதான். ஆனால் இருவர் சமப் புள்ளி பெற்றால் எக்ஸ் அதிகம் வைத்திருப்பவரே ஜயித்தவர். 150 அடி தூரத்தில் இருக்கும் சாத்துக்குடியை, ஒரு கிலோவுக்கும் கூடுதலான இரும்பை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து அடிக்க வேண்டும் என்றால் சிரமம் புரியும்.

யுத்தத் துப்பாக்கிக்கு விளையாட்டுத் தோட்டா

.45 பிரிவில் அனேகமாக எல்லார் கையிலும் இருப்பது ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்த துப்பாக்கி. 1911-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுவே ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது. '1911' என்றே அதற்குப் பெயரும் நிலைத்துவிட்டது.

இது பாதித் தானியங்கி. ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் அடுத்த தோட்டாவை நாம் ஏற்ற வேண்டியதில்லை. குண்டு முன்னே பாயும் வேகத்தில், மேலே உள்ள 'ஸ்லைடு' என்னும் எஃகுப் பகுதி பின்னே தள்ளப்படுகிறது. போகும் போக்கில் வெற்றுக் கூட்டைப் பிடுங்கி வெளியே எறிகிறது. சுத்தியலை நிமிர்த்தி வைக்கிறது. ஒரு சுருள்வில்லை அழுத்துகிறது. அந்த வில் ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும்போது, கைப்பிடிக்குள் இருக்கும் மாகஸினிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காருகிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும். இத்தனைக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? அந்தத் தோட்டாவின் மருந்திலிருந்துதான்.

இங்கேதான் சங்கடம். ராணுவத் தோட்டா எதிரியைக் கீழே வீழ்த்துவதற்காகச் செய்தது. அதன் உதை பலமாக இருக்கும். வேகச் சுற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு விநாடிதான் என்னும்போது, துப்பாக்கி நெற்றி உயரத்துக்குத் துள்ளினால் அதைத் திரும்ப இலக்குக்குக் கொண்டுவருவதிலேயே நேரம் போய்விடும். 270 குண்டு சுட்டு முடிப்பதற்குள் மணிக்கட்டு தளர்ந்துவிடும். ஆகவே மருந்தைக் குறைக்க வேண்டும். ஆனால் ரொம்பக் குறைத்தாலோ, ஸ்லைடு முழுதும் பின்னே போகாது. வெற்றுக் கூடு பாதி வழியில் சிக்கிக்கொண்டு நிற்கும். இந்தச் சிக்கலுக்குச் சுடுகிறவர்கள் வைத்த பெயர் 'அலிபை'. விதியில் ஒரு சலுகை உண்டு. அந்தச் சுற்றைத் திரும்பச் சுடலாம். ஆனால் கலைந்த மனசு திரும்புமா?

எனவே அவரவர் துப்பாக்கிக்கும், அதில் பூட்டிய சுருள்வில்லுக்கும், அவரவர் கைக்கும் பொருந்துமாறு, உதை குறைவாகவும் ஸ்லைடு தவறாமல் ஓடுமாறும் மருந்தை நிதானிக்க வேண்டும். தொழிற்சாலைகளும் போட்டித் தோட்டா செய்து விற்கத்தான் செய்கின்றன, நல்ல சரக்குத்தான். ஆனால் ஆயத்தச் சட்டைக்கும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம் அதில் உண்டு. விலையும் அதிகம்.

குண்டின் வடிவத்திலும் விசேஷம் இருக்கிறது. ராணுவக் குண்டின் முனை உருண்டையாக இருக்கும். அது காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போவதால் ஓட்டையின் ஓரம் பிய்ந்து, எந்த வளையத்தைத் தொட்டது என்று சொல்ல முடியாமல் சண்டை வரும். போட்டிக் குண்டின் தோளில் கூர்மையான விளிம்பு இருக்கும். தோல் பெல்ட்டில் உளி வைத்து அடித்த மாதிரி சுத்தமான வட்டம் விழும். கோட்டைத் தொட்டாலே உள்வளையத்தின் புள்ளி கிடைக்கும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. இந்த மோகத்தில் கம்பெனிகள் ஒரு விசித்திரமும் செய்தன. 1960-ல் கோல்ட் கம்பெனியும், 1961-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும், தட்டை முனைக் குண்டு கூட்டுக்குள்ளேயே முழுதும் அமுங்கியிருக்கும் .38 ரிவால்வர் தோட்டாவைத் தின்னும் தானியங்கித் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தன. இலக்கு சுடுவதைத் தவிர அவற்றால் வேறு ஒரு காரியமும் ஆகாது.

மேஜை மேல் ஒரு சின்னத் தொழிற்சாலை

ஒரு தோட்டாவில் நான்கே பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்திருக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயை அடைத்துக்கொண்டு குண்டு. சுட்டதும் மருந்து எரிந்து போகிறது. குண்டு பறந்து போகிறது. கேப்பு செத்துப் போகிறது. கூடு மட்டும் அப்படியே காலடியில் விழுகிறது. புதிதாக வாங்கினால் நான்கிலும் அதிக விலை இந்தக் கூட்டுக்குத்தான். அதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்?

(.22 தோட்டாவுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் இல்லை. அதில் தனிக் கேப்பு கிடையாது. தீப்பற்றும் மருந்து விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. சுடும்போது விளிம்பு நசுங்கிவிடுவதால் ஒரு முறையோடு சரி.)

இது புதிய பழக்கமல்ல. 1870-களில் அமெரிக்க எருமை வேட்டைக்காரர்கள் கூடுகளைப் பொறுக்கி வைத்து, முகாம் நெருப்பில் ஈயம் உருக்கி மறுபடி நிரப்பிக்கொண்டார்கள். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் நியூ ஹேவன் நகரில் 'ஐடியல்' என்ற கம்பெனியை ஆரம்பித்து, பாக்குவெட்டி மாதிரி இருக்கும் கைக்கருவி ஒன்றை விற்றார். இன்றைய யந்திரங்கள் மேஜையில் திருகிப் பொருத்துபவை. கைப்பிடியை ஒரு முறை இழுத்துவிட்டால் ஒரு முழுத் தோட்டா வந்து விழும் யந்திரங்களும் உண்டு. போட்டியாளரில் பலர் அதை விடுத்து, ஒரு சமயத்தில் ஒரே வேலை செய்யும் பழைய யந்திரத்தையே விரும்புகிறார்கள். மெதுவாக நடந்தாலும் ஒவ்வொரு கூடும் பல முறை கண்ணில் படுகிறது என்பது அவர்கள் கட்சி.

வேலை இப்படி நடக்கும். பொறுக்கிய கூடுகளைச் சோளச் சக்கைத் தூளோடு பீப்பாய் ஒன்றில் போட்டு மணிக்கணக்கில் உருட்டுகிறார்கள். தங்கம் போல் பளபளத்து வருகின்றன. விரிசல் கண்டது எதுவானாலும் விலக்கு. சுட்டபோது கூடு சற்றுப் பருத்திருக்கும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த அழுத்தத்திலேயே செத்த கேப்பு கழன்று விழும். புதுக் கேப்பைப் பதிக்கிறார்கள். கூட்டின் வாயைத் துளி விரிக்கிறார்கள். மருந்து இடுகிறார்கள். குண்டைச் செருகி, விரிந்த வாயைத் திரும்ப இறுக்குகிறார்கள்.

இந்தக் கடைசி இறுக்கலில் ஒரு நுட்பம். ரிவால்வர் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு தட்டி அது தன் இடத்தில் நிற்கும். .45 தானியங்கித் தோட்டாவுக்கு வெளியே நீட்டும் விளிம்பு இல்லை. குழலின் அறைக்குள் இருக்கும் ஒரு சிறு படியில் கூட்டின் வாய் போய் முட்டுவதால்தான் அது நிற்கிறது. எனவே வாயை உள்நோக்கி மடித்துவிட்டால் தோட்டா ஆழத்தில் போய், ஊசி சரியாகத் தாக்காது. விரிந்தபடி விட்டாலோ உள்ளேயே நுழையாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவைக் கண்டுபிடித்து ஆயிரம் தோட்டாவுக்கும் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

குண்டையும் சிலர் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும். அதனால் கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலக்க வேண்டும். இதைப் படிக்கும் பழைய அச்சகத்துக்காரர்களுக்கு இந்தக் கலவை எங்கேயோ கேட்டது போல் இருக்கும். ஆம், லைனோடைப் யந்திரத்தில் வரி வரியாக வார்த்த அதே உலோகம்தான்! நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆப்செட் அச்சு வந்து லைனோடைப் யந்திரங்கள் மூலைக்குப் போனபோது, அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களின் எழுத்து உலோகத்தைக் குண்டு வார்ப்பவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். தலையங்கமாக இருந்தது குண்டாகிப் போய்விட்டது.

ஈயத்தில் கையாடுகிறவர்கள் காற்றோட்டமுள்ள இடத்தில்தான் உருக்க வேண்டும். அங்கே வைத்து எதுவும் தின்னக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. செத்த கேப்பின் தூசியிலும் ஈயம் உண்டு. இது உடனே ஆளைக் கொல்வதில்லை. ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்கென்று தனி உடுப்பே வைத்துக்கொள்கிறார்கள்.

பார்த்தால் தெரியாத பிசகு

இனி மருந்து. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. கையால் அள்ளிப் போட்டு, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு மறுபடி இடிப்பார்கள். அது கருமருந்து. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் புகையோடு போய்விடும் என்று ஒரு நினைப்பு. (அதுவும் தவறுதான், விரல் இழந்தவர்கள் உண்டு.) இங்கே பேசுவது புகையில்லா மருந்து. கைத்துப்பாக்கிக்காரர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் ஒன்றுக்கு 'புல்ஸ்ஐ' என்று பெயர். 1898-ல் வந்தது, இன்றும் விற்கிறது. சாம்பல் நிறத்தில் பொடிப் பொடித் தகடாக இருக்கும். மகா வேகமாக எரியும்.

.45 போட்டித் தோட்டா ஒன்றுக்கு அது எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய இரண்டு குன்றிமணி எடை! ஒரு ராத்தல் டப்பா ஆயிரத்தைந்நூறு தோட்டாவுக்கு மேல் காணும். தட்டான் தராசைப் போன்ற நுட்பமான தராசில் நிறுத்துத்தான் அளவைக் கருவியைச் சரிப்படுத்துகிறார்கள். மருந்துக் கம்பெனிகள் அச்சிட்டு வெளியிடும் அட்டவணைப் புத்தகம் இல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. தொடங்கினால் அவர் அறிவாளி அல்ல. அதில் சொன்ன குறைந்த அளவிலிருந்து ஆரம்பித்து, துளித் துளியாக ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிக்கனமான மருந்தில்தான் பெரிய அபாயமும் ஒளிந்திருக்கிறது. இரண்டு குன்றிமணி மருந்து அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சம் இடத்தைத்தான் பிடிக்கும். யோசனை எங்கோ போய், போட்ட கூட்டிலேயே இன்னொரு தரம் போட்டுவிட்டால்? வழிந்து விழுந்து காட்டிக்கொடுக்காது. குண்டும் ஒழுங்காக மேலே உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் மற்றத் தோட்டாவுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சுடும்போது துப்பாக்கியே பிளக்கலாம். அதைப் பிடித்திருக்கும் விரல்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான பிசகும் உண்டு. மருந்தே போடாமல் விட்டுவிடுவது. கேப்பு மட்டும் வெடித்து, அந்தச் சின்ன வேகத்தில் குண்டு குழலுக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். 'டப்' என்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். ஸ்லைடு அசையாது. காதை மூடிக்கொண்டு, இரு பக்கமும் பத்துப் பேர் வெடித்துக்கொண்டிருக்கும் வேகச் சுற்றில், இது சாதாரணச் சிக்கல்தான் என்று நினைத்து ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால், பின்னால் வரும் குண்டு முன்னே அடைத்து நிற்கும் குண்டில் மோதும். குழல் புடைத்துப் போகும், அல்லது வெடிக்கும். சத்தம் மாறிக் கேட்டால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியை வெறுமையாக்கிக் குழலைப் பார்க்காமல் அடுத்த குண்டு கூடாது. பத்து விநாடியில் இரண்டு போய்விட்டதே என்ற பதைப்பில் இந்த விதியை நினைவு வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஆகையால்தான் அந்த மேஜையைச் சுற்றி இத்தனை ஆசாரம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் மேஜை மேல் இருக்கலாம். வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். வானொலி, தொலைக்காட்சி கூடாது. யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம், ஆனால் திரும்பி வந்து பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, அந்த வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஐம்பது குழியுள்ள பலகையில் கூடுகளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, மருந்து போடும்போது மட்டும் ஒவ்வொன்றாக நிமிர்த்துவது ஒரு வழக்கம். ஐம்பதும் நிரம்பிய பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, குண்டு செருகுமுன் ஒவ்வொரு வாய்க்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். தன் மேஜையிலிருந்து எழுந்த தோட்டா தன் கையிலேயே வெடிக்கப் போகிறது என்று அறிந்தவர்கள் பார்க்கிற பார்வை அது. பக்கத்தில் நிற்கிறவரும் பாவம் அல்லவா! பிறர் நிரப்பிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போட மாட்டேன் என்று அனேகர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

குற்றம் யாருடையது?

இவ்வளவு பாடுபட்டுச் செய்த தோட்டா நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? துப்பாக்கியைக் கனத்த இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பூட்டிச் சுட்டுப் பார்க்கிறார்கள். மனிதக் கை அதில் கிடையாது. நன்றாகச் சீர்செய்த .45 துப்பாக்கி, பொருந்திய தோட்டாவோடு, 50 கஜத்தில் பத்து குண்டையும் இரண்டு அங்குலத்துக்குள் போட்டுவிடும். பத்துப் புள்ளி வளையமோ மூன்றரை அங்குலம் அளவு. அதாவது யந்திரத்தைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு நிச்சயம்!

இங்கேதான் கடையில் வாங்காத காரணத்தின் மற்றப் பாதி இருக்கிறது. குண்டு ஏழாவது வளையத்துக்குப் போனால், "தோட்டா சரியில்லை" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போகிறது. தானே நிறுத்து, தானே பார்த்து, தாங்கியில் வைத்துச் சோதித்த தோட்டா. இனிக் குற்றம் கையினுடையது, அல்லது கண்ணினுடையது, பெரும்பாலும் விரலினுடையது. .45 துப்பாக்கியின் விசை மூன்றரை ராத்தல் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த அழுத்தத்தைக் கொடுக்கும்போது ஆட்காட்டி விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகினால் போச்சு. கை நுனியில் மயிரிழை அசைவு, 150 அடிக்கு அப்பால் சாண் கணக்கில் போய்விடும். அதிலும் சத்தத்தையும் உதையையும் எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே துள்ளுவது பெரிய வியாதி. கை மென்மையான தோட்டாவுக்குப் பழகிவிட்டால் அது குறையும். அந்த வகையில் மேஜை வேலை வைத்தியமும் ஆகிறது.

சிப்பாய்களுக்கு இந்தத் தொல்லை கம்மி. ராணுவ அணிகளுக்குத் துப்பாக்கி, தோட்டா, பயிற்சி நேரம் எல்லாம் சர்க்கார் செலவு. 1974-ல் ராணுவ வீரர் ஹெர்ஷல் ஆண்டர்சன் 2700-க்கு 2680 புள்ளி எடுத்தார். 270 குண்டில் 159 எக்ஸ். பல பத்தாண்டுகளுக்கு யாரும் நெருங்க முடியாத சாதனை அது. மரைன் படையில் இருந்த பிரையன் ஸின்ஸ் பன்னிரண்டு முறை தேசிய சாம்பியன் ஆனார். ஆனால் பட்டியலில் எல்லாரும் சிப்பாய்களல்ல. 1940-க்கும் 1954-க்கும் இடையே ஆறு முறை ஜயித்த ஹாரி ரீவ்ஸ், டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர். கேம்ப் பெர்ரியில் சர்க்கார் ஆள் பக்கத்திலேயே, வாரம் முழுதும் வேலை பார்த்துவிட்டு இரவில் மேஜையில் உட்கார்ந்து நிரப்பிய இருநூறு தோட்டாவோடு சாமான்யனும் வந்து நிற்கிறான். தோட்டா அளவிலாவது அவனுக்குக் குறைவில்லை. இதை நினைத்தால் அந்த மேஜை வேலைக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

நம் நாட்டில் இதை யாரும் முயன்று பார்க்க நினைக்க வேண்டாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், சிறைதான். நம் வீரர்கள் லைசென்ஸோடு வாங்கிய தோட்டாவையே நம்பியிருக்கிறார்கள். அதிலும் ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் வெடிமருந்துள்ளவை .22 தோட்டாவுக்கே உரியவை. அதை மறுபடி நிரப்பும் பேச்சே இல்லை. 2012-ல் லண்டனில் விஜய் குமார் 25 மீட்டர் வேகச் சுற்றில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது அந்தச் சின்னத் தோட்டாவில்தான். பெரிய தோட்டாவுக்கான சென்டர்-ஃபயர் பிரிவு ஆசிய விளையாட்டில் இருந்தது. 2006-ல் தோஹாவில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்துத் தங்கம் வென்ற பிரிவு அது.

அமெரிக்க மைதானத்தில் ஒரு சுற்று முடிந்து, துப்பாக்கிகள் எல்லாம் வெறுமையாக்கப்பட்டு மேஜை மேல் வைக்கப்பட்டன என்று அறிவிப்பு வந்ததும், சிலர் புள்ளி பார்க்க இலக்குக்கு நடக்கிறார்கள். மற்றவர்கள் குனிந்து தரையைத் துழாவுகிறார்கள். தானியங்கித் துப்பாக்கி கூட்டை வலது பக்கம் நாலைந்து அடி தூக்கி எறிந்துவிடும். அது அடுத்தவர் காலடியில் அவர் கூடுகளோடு கலந்துபோகும். அதனால் பலர் தங்கள் கூடுகளின் அடியில் சிவப்போ பச்சையோ மசி பூசி அடையாளம் வைத்திருப்பார்கள். பச்சைக்காரர் சிவப்பைக் கண்டால் எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுவார். மெல்லிய மருந்தில் சுடுவதால் ஒரே கூடு எத்தனையோ தடவை தாங்கும். மசி அழிந்து, அடியில் பொறித்த கம்பெனிப் பெயரும் தேய்ந்து போன கூடுகளும் பைக்குள் போகின்றன. வாய் கீறியது மட்டும் தனியே ஒரு டப்பாவில் சேர்கிறது. டப்பா நிறைந்ததும் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிடுவார்கள்.